ஓட்ஸ் சாக்லேட் சிப் பிஸ்கட் விளிம்பில் மொறுமொறுப்பாகவும் நடுவில் மென்மையாகவும் வர என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் சுடும் ஓட்ஸ் சாக்லேட் சிப் பிஸ்கட் ஒரு முறை தட்டெல்லாம் பரவிவிடுகிறது, மறுமுறை கடிக்க முடியாதபடி இறுகிவிடுகிறது, அளவை மாற்றாதபோதும் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அளவு சரியாக இருந்தாலும், மாவு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, ஓட்ஸ் ஊறுவதற்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, ஓவனிலிருந்து எப்போது எடுக்கிறோம் என்ற மூன்றுமே பிஸ்கட்டின் பக்குவத்தைத் தீர்மானிக்கின்றன.

நான் பயன்படுத்தும் அளவு இதுதான்: வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை 1, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, மைதா 100 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஓட்ஸ் 120 கிராம், சாக்லேட் சிப்ஸ் 130 கிராம். இதில் ஏறத்தாழ 18 பிஸ்கட்டுகள் கிடைக்கும். ஓட்ஸ் என்பது இங்கே தட்டையாக, சற்றுத் தடிமனாக இருக்கும் ரோல்டு ஓட்ஸைக் குறிக்கிறது. உடனடி ஓட்ஸ் பொடிந்து மாவோடு கரைந்துவிடுவதால் மெல்லும்போது தனியாகத் தெரியாது. தட்டையாக்காமல் துண்டுகளாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் இந்தக் குறுகிய நேரத்தில் வேகவே வேகாது.

வெண்ணெய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மட்டுமே இளகியிருக்க வேண்டும். அந்த நிலையில் சர்க்கரையுடன் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் அடித்தால் சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்தும். உருகிய வெண்ணெயில் அந்தக் காற்று தங்காது, மாவும் சூட்டில் விரைவாக ஓடிவிடும். பிறகு முட்டையையும் எசன்ஸையும் சேர்த்து அடித்து, சலித்த மைதா, சோடா, உப்பைப் போட்டு, மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வரை மட்டும் கலக்க வேண்டும், ஏனெனில் மைதாவை அதிகம் கிளறினால் பிஸ்கட் இறுகும். ஓட்ஸையும் சிப்ஸையும் கடைசியில் மரக்கரண்டியால் புரட்டிச் சேர்த்தால் போதும்.

அடுத்த கட்டத்தைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், உங்கள் பிஸ்கட் பரவுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். கலந்த மாவை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் வையுங்கள். உலர்ந்த ஓட்ஸ் மாவிலுள்ள ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும். அதற்கு நேரம் தராமல் சுட்டால், ஈரம் உறிஞ்சப்படாமல் நின்று மாவு இளகலாகவே ஓவனுக்குள் போகிறது. அதோடு, குளிர்ந்த வெண்ணெய் உருகத் தாமதமாவதால், மாவு பரவி முடிவதற்குள் விளிம்பு வெந்து நின்றுவிடும். இதே காரணத்தால், இரண்டாவது ஈடு சுடும்போது, முதல் ஈட்டின் சூடான தட்டிலேயே மாவை வைக்காமல் அது ஆறும் வரை காத்திருங்கள்.

ஓவனை 180 டிகிரி செல்சியசுக்கு முன்கூட்டியே சூடாக்கி (விசிறி ஓடும் ஓவன் என்றால் 160), பட்டர் பேப்பர் விரித்த தட்டில் எலுமிச்சை அளவு உருண்டைகளைத் தாராளமாக இடைவெளி விட்டு வைத்து, 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும். விளிம்பு பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வெளிறி ஈரமாகத் தெரியும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். வேகவில்லையே என்று தோன்றும். ஆனால் தட்டின் சூட்டிலேயே அது வெந்து முடியும், ஆறும்போது சர்க்கரையும் வெண்ணெயும் இறுகிப் பிடிப்பைக் கொடுக்கும். ஓவனுக்குள்ளேயே நடுப்பகுதி கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு அது கட்டாயம் கடினமாகிவிடும். ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டு, அதன் பிறகுதான் கம்பி வலைத்தட்டுக்கு மாற்ற வேண்டும். சூட்டில் தூக்கினால் உடைந்துவிடும்.

இனிப்பைக் குறைக்க விரும்பினால் வெள்ளைச் சர்க்கரையில் கை வையுங்கள், பழுப்புச் சர்க்கரையைத் தொடாதீர்கள். அதிலுள்ள கரும்புப் பாகு ஈரத்தைப் பிடித்து வைத்து நடுப்பகுதியை மென்மையாக்குகிறது. அதன் லேசான அமிலத்தன்மைதான் சோடாவையும் வேலை செய்ய வைக்கிறது. முட்டை வேண்டாதவர்கள் மூன்று மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம், பிஸ்கட் சற்று உதிரியாக வரும். சிப்ஸ் சூட்டிலும் வடிவம் கலையாதபடி தயாரிக்கப்படுவது. கட்டியாக விற்கும் கறுப்புச் சாக்லேட்டைக் கத்தியால் நறுக்கிப் போட்டால் ஆங்காங்கே உருகித் தேங்கி நிற்கும், எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. உருண்டைகளை உறைபெட்டியில் வைத்துக் கெட்டியானதும் ஒரு பையில் போட்டு மூடி வைத்தால், வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்து, உறைந்த நிலையிலேயே இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டுக்கொள்ளலாம்.