திரையில் வரும் எண்ணுக்கு நீங்களும் பொறுப்பு

கேள்வி: கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். இதுவரை ஷாப்பிங் தளங்களுக்குப் பக்கம் கட்டுவதுதான் வேலை. இப்போது ஒரு சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தில் காற்றுத் தரத்தைக் காட்டும் டேஷ்போர்டு செய்ய ஆள் கேட்கிறார்கள். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், சுற்றுச்சூழல் எதுவும் தெரியாது. போகலாமா? பட்டனுக்குக் கலர் அடிக்கிற ஆளாகவே வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தாராளமாகப் போங்கள். பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம், ஆனால் கலர் அடிப்பதைச் சின்ன வேலையாக நினைக்கவும் வேண்டாம், ஏனென்றால் இந்தத் துறையில் கலரும் அறிவியல்தான்.

காற்றுத் தரத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீடு 2015-ல் வந்தது. 0 முதல் 500 வரை ஆறு படிகள், 8 மாசுப் பொருட்கள், அவற்றில் எது மோசமோ அதன் எண்தான் அந்த இடத்தின் எண். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பிஎம் 2.5 எனும் மிக நுண்ணிய தூசுத் துகளுக்கு 24 மணி நேரச் சராசரி, ஓசோனுக்கு 8 மணி நேரம். 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும். மூன்று மாசுப் பொருட்களாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று பிஎம் 2.5 அல்லது சற்றுப் பெரிய துகளான பிஎம் 10. இப்போது கரண்ட் போய் சென்சார் பத்து மணி நேரம் படுத்துவிட்டது என்று வையுங்கள். மிச்சமிருக்கிற 14 மணி நேரத்தை வைத்து உங்கள் நிரல் ஒரு சராசரியைக் கணக்குப் போட்டுப் பச்சை வட்டத்தில் காட்டினால், பார்ப்பவர் அதை நம்பிக் குழந்தையை வெளியே விளையாட அனுப்புவார். அந்த இடத்தில் "போதிய தரவு இல்லை" என்று எழுத வேண்டியது திரையைக் கட்டுகிற நீங்கள்தான்.

விடுபட்ட அளவுகளைப் பல கருவிகள் -9999 என்று பதிந்து வைக்கும். அதைச் சுழியமாக்கி வரைந்தால் அந்த நேரம் காற்று பரிசுத்தமாக இருந்தது என்று பொய் சொல்கிறோம். இடைவெளியைத் தாண்டிக் கோட்டை இழுத்து இணைத்தாலும் பொய்தான். அளவு இல்லாத இடத்தில் கோடும் இருக்கக் கூடாது, உடைந்தே இருக்கட்டும், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் நேரம். தரவு பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வரும், அது நம் கடிகாரத்தை விட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. போகி அன்று விடிகாலை 4 மணிக்குச் சென்னையில் கிளம்பும் புகை, மாற்ற மறந்தால், முந்தின இரவு 10.30-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, அந்தச் சில மணி நேரப் புகை நாள் முழுக்கச் சராசரியில் கரைந்துவிடும். மூச்சுத் திணறியவருக்கோ அந்தச் சில மணி நேரம்தான் முக்கியம். அதனால் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே மணிவாரி வரைபடமும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். பிஎம் 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் நம் குறியீட்டில் 100, 'திருப்திகரம்'. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி 'ஆரோக்கியக் கேடு' ஆகிவிடும். எந்த நாட்டு அளவுகோல் என்று திரையில் சொல்லாத டேஷ்போர்டு என்னைப் பொறுத்தவரை அரைகுறை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள், ஆகவே நிறத்தோடு எண்ணும் சொல்லும் சேர்ந்தே வரட்டும்.

கேள்வி: இந்த வேலைக்குப் புதிதாக என்னென்ன கற்க வேண்டும்? ரியாக்ட் தெரியும். (ஒரு வாசகர், மதுரை)

பதில்: பக்கம் கட்ட ரியாக்ட் போதும், அதற்கு மேல் வரைபடம் போடத் தெரிய வேண்டும். மேப் காட்டும் நிரல் தொகுப்பான லீஃப்லெட்டில் தொடங்குங்கள், பிறகு அதே வகை மேப்லிப்ரே, தரவைப் படமாக வரையும் டி3. நெட்சிடிஎஃப், ஜியோடிஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்புகளைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கொஞ்சம் பைத்தான். கேமரன் பெக்காரியோ 2013-ல் வெளியிட்ட நல்ஸ்கூல் காற்றோட்ட வரைபடத்தைப் பாருங்கள், வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரியின் எண்கள் எப்படி ஓடும் கோடுகளாகின்றன என்று புரியும்.

பயிற்சிக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்துக் காட்டுத்தீப் புள்ளிகளை எடுங்கள். செயற்கைக்கோளில் இருக்கும் வியர்ஸ் கருவியின் ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் கட்டம் ஒன்றின் நடுப்பகுதி, அந்தக் கட்டத்துக்குள் தீ எங்கேயும் இருக்கலாம். மேப்பைப் பெரிதாக்கினால் அந்தப் புள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் போய் நிற்கும்! அப்படி நிற்காமல் கட்டமாகவே காட்டப் பழகுங்கள்.

கேள்வி: சம்பளம், நிரந்தரம் எப்படி? (முதல் வாசகியே)

பதில்: ஐடி கம்பெனியை விடக் குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும், திட்டம் முடிகிற வரைதான் ஒப்பந்தம் என்பதும் சகஜம். வீட்டுக்கடன் கழுத்தில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இங்கிலாந்தில் 2012-ல் 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று இந்த வேலைக்குத் தனிப் பெயர் வைத்தார்கள், நம் ஊரில் இன்னும் 'திட்ட உதவியாளர்' என்ற பெயரிலும் அழைப்பு வரும். பெயரைப் பார்த்து ஒதுக்காமல் ஹைதராபாத் இன்காயிஸ் (கடல் தகவல் சேவை மையம்), பள்ளிக்கரணை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், பெங்களூரு ஏட்ரீ (சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பு) போன்ற இடங்களின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

நேர்காணலில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். விஞ்ஞானிகளோடு வாராவாரம் உட்கார முடியுமா, கட்டுரை வெளிவந்தால் உங்கள் பெயர் இருக்குமா, நிதி தீர்ந்த பிறகு தளத்தை யார் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால், சர்வரில் நிரல் ஓட வேண்டாத சாதாரண பக்கங்களாகவே கட்டிக்கொடுங்கள், தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வையுங்கள்.