ஒரு நாடகம் தோற்றதற்காக எழுதுவதையே விட்டவர் யாராவது உண்டா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஆஸ்திரியக் கவிஞரும் நாடக ஆசிரியருமான ஃபிரான்ஸ் கிரில்பார்ட்சர் (1791–1872). ஆனால் அவர் எழுதுவதை விடவில்லை. எழுதிய நாடகங்களை வெளியே காட்டுவதைத்தான் விட்டார்.

1838 மார்ச்சில் வியன்னாவின் பர்க் அரங்கில் அவருடைய நகைச்சுவை நாடகம் ஒன்று மேடையேறியது. அதில், பிணைக்கைதியாகச் சிக்கிய ஒருவனை மீட்க ஒரு பிஷப்பின் சமையல்காரன் கிளம்புகிறான். ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்பது அந்த பிஷப் போட்ட நிபந்தனை. அவன் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்ல, எதிரிகள் அதை நம்பவே மாட்டேன் என்கிறார்கள். எவ்வளவு அழகான கற்பனை! அன்றைய கூட்டமோ கேலியாகச் சீழ்க்கையடித்துத் தீர்த்துவிட்டது. அதற்குப் பிறகு வாழ்ந்த 34 வருஷத்தில் புது நாடகம் ஒன்றைக்கூட அவர் முழுதாக அரங்குக்குக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு ராத்திரிக்காக இப்படியா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் முந்தைய கதை தெரிந்தது. அவருடைய 'ஒட்டகார்' நாடகத்தைத் தணிக்கைக்காரர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் முடக்கி வைத்திருந்தார்கள். படிக்க ஏதாவது வேண்டுமென்று பேரரசி கேட்டதால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி என்ன ஆபத்தைக் கண்டீர்கள் என்று கிரில்பார்ட்சர் பிற்பாடு அந்தத் தணிக்கை அதிகாரியிடமே கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை, ஆனாலும் என்ன வருமோ யார் கண்டது என்று நினைத்தாராம்! இன்னொரு நாடகத்தைப் பேரரசரே மெச்சிவிட்டு, இனி மேடைக்கு வராதபடி விலைக்கு வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இத்தனையும் பட்டவருக்குத்தான் அந்தச் சீழ்க்கை விழுந்தது. அதன்பின் எனக்கு அவர்மேல் கோபமில்லை.

பகலில் அரசு ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் வேலை. வீட்டு மேசைக்குள் முழுதாக எழுதி முடித்த மூன்று நாடகங்கள். அவர் இறந்த பிறகுதான் அவை முழுமையாக மேடை கண்டன.

அவரைப் படிக்க நினைத்தால் 1848-ல் வந்த 'ஏழை வாத்தியக்காரன்' குறுநாவலில் தொடங்குங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒரு கிழவர் கிழிந்த இசைத்தாளைத் தாங்கியில் விரித்து வைத்து, அதைப் பார்த்து வயலின் வாசிக்கிறார். அபஸ்வரம்தான், ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு பக்தி. வெள்ளத்தில் அண்டை வீட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றப் போய், அந்தக் குளிரில் நோய்கண்டு சாகிறார். அந்த வயலினை விலைக்குக் கேட்டு வருகிறார் கதைசொல்லி. கிழவர் ஒருகாலத்தில் விரும்பிய பெண், இப்போது கசாப்புக்காரரின் மனைவி, அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். சட்டென்று எடுத்து இழுப்பறைக்குள் பூட்டிவிட்டுத் திரும்புகிறாள். கன்னமெல்லாம் கண்ணீர்.