தாய்மாமன் மடி

கேள்வி: என் கணவருக்கு மில்லில் இரண்டு மாதமாகப் பாதிச் சம்பளம்தான். வேலை நிலைக்குமா என்றே தெரியவில்லை. இந்த நேரத்தில் மகனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து வைப்பது சரியா? தாய்மாமனான என் அண்ணன் தினமும் குடிப்பவர். 'பாட்டில் இல்லாமல் என்ன விசேஷம்' என்கிறார்.
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: தாராளமாக வையுங்கள், தங்கச்சி.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. டிவி முன்னால் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். வீட்டில் அப்போது வருமானமே இல்லை. ஆனாலும் கொஞ்சம் பாயசம் வைத்து, ஒரு தூக்கைப் பக்கத்து வீட்டுக்குச் சுவர் மேல் வைத்துக் கொடுத்தேன். அடுத்த பல நாட்களை அந்த ஒரு நாளை நினைத்தே ஓட்டினோம். அதனால் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுருக்கமாக வையுங்கள். வட்டிக்கு வாங்கிக் கிடா வெட்ட வேண்டாம். மொய் வந்துவிடும் என்று நம்பாதீர்கள், அதுவும் திருப்பிச் செய்ய வேண்டியதுதான். வந்தவர்களுக்குப் பானகமும் நீர்மோரும் கொடுங்கள். பாட்டிலுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அண்ணன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. 2020 மார்ச் 24 மாலை மதுக்கடைகளை அடைத்தார்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்த என் தம்பிக்கு மூன்றாம் நாள் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விளக்குமாற்றால் அடித்துக்கொண்டே இருந்தான். நடிக்கிறான் என்று நினைத்து நான் திட்டினேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவனை டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்த பிறகுதான் தூங்கினான்.

அதனால் 'விசேஷத்துக்காக நாலு நாள் குடிக்காமல் இரு' என்று அண்ணனிடம் சொல்லாதீர்கள். தேதி குறிப்பதற்கு முன்பே மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்கிறபடி மருந்தோடு நிறுத்தட்டும். இடையில் வலிப்பு வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இதை அண்ணியிடம் சொல்லி அனுப்பாமல் நீங்களே பேசுங்கள், அவர் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை திமிறுவான். மடியில் உட்காரவைத்துத் தலையை அசையாமல் பிடிக்க வேண்டியது மாமன் கைதானே? "அண்ணே, உன் மடியிலதான் பிள்ளை உட்காரணும்" என்று கேளுங்கள்.