அறுக்கும்போது கோழியின் தலை துண்டாகிவிட்டால் கறி ஹலாலா?

ஈரோட்டில் கறிக்கடையில் கத்தி அழுந்திக் கோழித்தலை தனியாக வந்துவிட்டது, அதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாமுங்க. வேண்டுமென்றே அப்படித் துண்டிப்பது மக்ரூஹ் (விரும்பத்தகாதது), ஆனால் கறி ஹலால்தான்.

மார்க்கச் சட்டம் பார்ப்பது தொண்டையைத்தான். மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபக்கமும் ஓடும் ரத்தக்குழாய்கள் இரண்டு, ஆக நான்கு. நம் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப்பிரிவில்) இந்த நான்கில் மூன்று அறுபட்டால் போதும், ஷாஃபி மத்ஹபில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட்டே ஆகவேண்டும். அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) என்று சொல்வதிலும் வித்தியாசம் உண்டு. ஹனஃபியில் வேண்டுமென்றே விட்டால் ஹராம், மறந்துபோனால் பரவாயில்லை. ஷாஃபியில் அது சுன்னத்து, அதாவது சொல்வது நல்லது, கட்டாயமில்லை. அப்புறம், முஸ்லிம் பெண் அறுத்தாலும் செல்லும், புகாரி என்ற நபிமொழித் தொகுப்பிலேயே ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, இன்னும் பலர் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சில கடைகளில் அறுத்த கோழியை டிரம்மில் வீசி, அது சிறகடித்து அடங்குவதற்குள் எடுத்து வெந்நீரில் முக்கிவிடுகிறார்கள். உயிர் அடங்கும்வரை வெந்நீரும் கூடாது, தோலுரிப்பதும் கூடாது. கத்தியைக் கூராக்கிக்கொள்ளுங்கள், அறுக்கும் பிராணியைத் துன்புறுத்தாதீர்கள் என்பது முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் நபிமொழி; அதன் கண்ணெதிரே கத்தி தீட்டுவதைக்கூடத் தடுத்திருக்கிறார்கள். தலை துண்டானதைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும். "அடங்கட்டுங்க பாய், அவசரமில்லை" என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள், கேட்பார்.