மாமனார் பெயரில் வீடு இருந்தாலும் அக்காவைத் தள்ளிவிட முடியாது

கேள்வி: அத்தான் அக்காவை அடிக்கிறார், சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்கிறார். இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போய்விட்டாள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியே வந்தால் வீடும் போகும், 5 வயதுப் பையனும் போய்விடுவான் என்கிறாள். பொறுத்துப் போகச் சொல்கிறார் அம்மா. கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் தங்கையே, இழுத்து வராதீர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அக்காவுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டிருக்கிறார், நீங்கள் இரண்டாவது ஆளாகிவிடக் கூடாது. திரும்பிப் போனதைச் சொல்லிக் காட்டவும் வேண்டாம், பையனை நினைத்துத்தான் போயிருக்கிறார். அவருடைய பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, முதலில் அது அவர் காதுக்குப் போகட்டும்.

2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ('டொமஸ்டிக் வயலன்ஸ்' என்பதைச் சுருக்கி டி.வி. கேஸ் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்) நிவாரணம் கேட்க விவாகரத்து போட வேண்டியதில்லை. அடி மட்டுமல்ல, சம்பளத்தைப் பிடுங்குவதும் ஓயாமல் கேவலப்படுத்துவதும்கூட அதில் வன்முறைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும், அவர் குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உயிருக்குப் பயந்து வெளியே வந்துவிட்டதாலேயே அந்த உரிமை போய்விடாது. அங்கே இருக்க முடியாத நிலை என்றால் வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். பையனைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், செலவுக்குப் பணத்துக்கும் அதே மனுவில் உத்தரவு கேட்கலாம். உங்கள் வீட்டில் வந்து தங்கினால் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். அவசரமென்றால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, வன்முறை செய்யக் கூடாது என்று போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை.

மனு எழுத, இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் உதவுவார், தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு எண் 15100. பெண்கள் உதவி எண் 181, அடி விழும் நேரத்தில் 112.

இன்னொன்று, அடுத்த முறை காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பின்னால் கோர்ட்டில் அந்த ஒரு வரிதான் அவர்களுக்கு எதிராக நிற்கிறது. யார் அடித்தது என்பதை டாக்டர் பதிவு செய்யட்டும். காவல் நிலையத்தில் 'பேசித் தீர்த்துக்கோம்மா' என்று அனுப்பினால், கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

பிரிந்து வரும் சமயத்தில்தான் ஆபத்து கூடும், அதனால் கிளம்பும் நாளை அவரே முடிவு செய்யட்டும். அவருடைய ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் நகல்கள் உங்களிடம் இருக்கட்டும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அத்தான் போனைப் பார்க்கக்கூடும், நேரில் பேசுங்கள்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அறிவுரை இப்போது வேண்டாம், நடுராத்திரியில் அக்கா பையனோடு வந்து நின்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறப்பேன் என்று அவர் வாயாலேயே அக்காவிடம் சொல்லச் சொல்லுங்கள்.