மே லீவில் பவளப்பாறை பார்க்கப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். மே லீவில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குப் போய் கண்ணாடிப் படகில் பவளப்பாறை பார்க்க ஆசை. ஆறு வயதுப் பையனும், எழுபதைத் தாண்டிய அப்புச்சியும் வருகிறார்கள். தீவில் இறங்க விடுவார்களா?

பதில்: முதலில் மாதத்தை மாற்றப் பாருங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் அங்கே தண்ணீர் தெளிந்திருக்கும். மே மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும். பவளப்பாறைகள் ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால் அலை அடிமணலைக் கிளப்பும். கண்ணாடிக்குக் கீழே கலங்கல்தான் தெரியும். ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, இங்கே ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான், அதைப் பார்த்து நாள் குறிக்க வேண்டியதில்லை. எல்லாம் காற்றின் கையில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். அவை வேகமெடுத்துவிட்டால் மன்னார் வளைகுடாவை மறந்துவிடலாம்.

மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் வடபக்கம் போங்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் நிலத்துண்டின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் வீசும் காலத்தில் வடபக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தொண்டி போகும் வழியில் உள்ள காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். அப்புச்சிக்கு அதுதான் தோது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. அனுமதியின்றி இறங்குவது குற்றம். 'நான் இறக்கிவிடுகிறேன்' என்று தனியார் படகுக்காரர் சொன்னால் ஏறாதீர்கள். பாம்பன் பக்கம், விவேகானந்தர் நினைவிடம் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்று வலுத்தால் நிறுத்திவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து மதுரை வழியாக வந்தால், மதுரையிலிருந்து மண்டபம் சுமார் 150 கி.மீ. ராத்திரி முழுக்க ஓட்டி வந்து அப்படியே படகேற வேண்டாம்; முந்தின நாள் தங்கிவிட்டு முதல் படகைப் பிடியுங்கள். உச்சிக்கு மேல் கடல்காற்று கூடிவிடும். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் ஆகாது: ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும்.

பையனுக்குப் பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வாரை இறுக்கியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும். சிறியது கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஏற்றாதீர்கள்.

கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசினால் ஒரு துண்டைத் தலையோடு போர்த்திக் குனியுங்கள். போட்டோவுக்கு போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பளபளப்பு விழாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையன் எடுத்தால் அங்கேயே போடச் சொல்லுங்கள். செத்த பவளமானாலும் வனஉயிரினச் சட்டப்படி வைத்திருக்கக் கூடாது.