மகளை ஸ்டன்ட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

போன சனிக்கிழமை மதியம், வேலூர் வெயில் உச்சியில் நிற்கிற நேரம், மகள் மேற்கொண்டு என்ன படிப்பது என்று என்னிடம் யோசனை கேட்க, சத்துவாச்சாரியிலிருந்து நாலு பேர் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா, அப்பா, மகள், கூடவே தாய்மாமன். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், 600-க்கு 412, கணக்கில் 58. எட்டு வயதிலிருந்து சிலம்பம். ஜூடோவில் மாநிலப் போட்டி வரை போய் வெண்கலம் வாங்கியவள். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"சினிமாவுல ஃபைட் பண்ணப் போறேங்கிறா மேடம். பொம்பளைப் புள்ளை. இன்னா பண்றதுன்னே தெரியல."

முதல் அஞ்சு நிமிஷம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். வயசுக் கோளாறு இல்லை, ஆசைப்படுவதில் தப்பில்லை, பேசிப் பார்க்கலாம் என்று. அப்புறம் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். சென்னைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், முன்பணம் 25,000 கட்டியாயிற்று. மீதிக்குப் பத்து லட்சம் கல்விக் கடன், வீட்டுப் பத்திரம் ஈடு. அதோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கணக்கை அவர்கள் எதிரிலேயே போட்டுக் காட்டினேன். பத்து லட்சம், பத்து சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாசத் தவணை சுமார் 13,200 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது கிட்டத்தட்ட 15 லட்சத்து 86 ஆயிரம். படிக்கிற நாலு வருஷத்தில் சேரும் வட்டி இதில் வரவில்லை, அது தனி. ஏழரை லட்சத்துக்கு மேல் போவதால்தான் வங்கி பத்திரத்தைக் கேட்கிறது. கணக்குப் பாடத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற, கம்ப்யூட்டர் முன்னால் அரைமணி உட்காராத ஒரு பெண் நாலு வருஷம் தள்ளி எந்த வேலைக்குப் போய் இந்தத் தவணையைக் கட்டுவாள்? மாமாவிடம்தான் கேட்டேன். பெரியப்பா பையன் பெங்களூரில் இருக்கிறான் என்றார். அவன் இருக்கிறான், சரி. இவள் அவன் இல்லையே.

இன்ஜினியரிங் வேண்டாம் என்றால் நர்சிங் என்பது அத்தையின் யோசனையாம். இந்த ஊரில் அது பழக்கப்பட்ட வழி, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, இவளுக்கு அதில் மனமும் இல்லை. ஆனால் அந்த யோசனைக்குள் இருக்கிற ஒரு விஷயத்தை மட்டும் விடமாட்டேன். எண்பது கிலோ நோயாளியைப் படுக்கையில் புரட்டிப் போட்டு, தாங்கிப் பிடித்து, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது உடல் வேலைதானே? நம்ம ஊரில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாளாக நின்று கலவைச் சட்டியைத் தலையில் வைத்து மாடி ஏறுவது யார்? அங்கெல்லாம் 'பொம்பளை உடம்புக்கு ஆகாது' என்று எந்த மாமாவும் வந்து நிறுத்தவில்லை. கூலி கம்மியாக இருக்கிற வரைக்கும் பெண்ணின் உடம்பு எதையும் தாங்கும், விளக்கும் கேமராவும் வந்து சம்பளமும் கூடினால் உடனே அவள் மெல்லியவள் ஆகிவிடுவாள்.

சினிமாவில் இது இன்னும் வெளிப்படை. கதாநாயகி மாடியிலிருந்து குதிக்க வேண்டும் என்றால் ஒல்லியான ஒரு ஆண் ஃபைட்டருக்கு விக் வைத்து, சுடிதார் மாட்டி, முகம் தெரியாமல் எடுத்துவிடுவார்கள். பல நாடுகளில் பல காலமாக நடப்பதுதான். பெண் கிடைக்கவில்லை என்பார்கள். கூப்பிட்டால்தானே வருவாள், வந்து நாலு படம் செய்தால்தானே அனுபவம் சேரும், அனுபவம் இல்லை என்றுதானே கூப்பிடவில்லை!

இதில் அம்மா ஒரு வார்த்தை சொன்னார், "நம்ம பக்கத்துல இதெல்லாம் வழக்கமில்லையே மேடம்." நம்ம பக்கத்து வழக்கத்தையே பார்ப்போம் என்றேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பழைய வடஆற்காட்டில் செய்யாறு பக்கம் இருக்கிற புரிசை, கூத்துக்கே பேர் போன ஊர். துகில் உரிதலில் திரௌபதி யார்? மார்புக்குத் துணி வைத்துக் கட்டின ஆண். அர்ஜுனன் தபசில் அத்தனை உயர மரத்தில் ஏறிப் பாடி, பூவும் எலுமிச்சம்பழமும் எறிவது ஆண், கீழே ஈரப்புடவையோடு பிள்ளை வரம் கேட்டுக் கிடப்பது பெண். ஆடுவதற்கு உடம்பு போதாது என்றா? காஞ்சிபுரம் பக்கம் 2002-ல் தொடங்கி 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமிகளும் புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி ராத்திரி முழுக்க ஆடினார்கள். உடம்பு தாங்கியது. ஊர் வாய்தான் கொஞ்ச நாள் தாங்கவில்லை.

சினிமாவிலும் தொடக்கம் இப்படி இல்லை. 1935-லேயே 'ஹண்டர்வாலி' என்ற இந்திப் படத்தில் நடிகை நாடியா சாட்டையும் குதிரையுமாகத் தன் சண்டையைத் தானே போட்டார். 1975-ல் 'ஷோலே'வில் ஹேமமாலினிக்குப் பதில் குதிரை வண்டி ஓட்டியது ரேஷ்மா பதான் என்ற பெண். நடுவில் ஊறிய பழக்கம்தான் கதவைச் சாத்தியது. மேக்கப்பில் அதற்குச் சங்க விதியே இருந்தது. பெண்கள் தலை அலங்காரம் செய்யலாம், மேக்கப் கலைஞர் அட்டை மட்டும் தரமாட்டோம் என்று மும்பைச் சங்கம் ஒன்று பல பத்தாண்டுகளாக வைத்திருந்த விதியை, சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பவுடர் பஃப் தூக்கவே ஒரு பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது, பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதும் பொண்ணு முகத்தில் வெளிச்சம். மேடம் நம்ம கட்சி என்று நினைத்துவிட்டாள். இல்லை பாப்பா, உனக்கும் இருக்கிறது. பதினேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு, சென்னையில் சினிமாக்காரர்கள் இருக்கிற வடபழனிக்குப் போகிற பேச்சே கிடையாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார், பல வருஷ அனுபவம் உள்ளவர். பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண் ஃபைட்டர் பேன்ட்டுக்குள் முழங்கால் பேட், முழுக்கைச் சட்டைக்குள் முழங்கை பேட் என்று மறைத்துக்கொள்வான். உனக்குக் கொடுப்பது கதாநாயகி போட்டிருக்கிற அதே கையில்லாத ரவிக்கையும் பாவாடையும். அதே படிக்கட்டு, அதே உருளல், நடுவில் பஞ்சு கிடையாது. அதனால் விழத் தெரிந்திருக்க வேண்டும், ஆண்களைவிட நன்றாகவே. ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான், அது உனக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எப்படி விழுவாய் என்று கேட்டேன். நாற்காலியை நகர்த்திவிட்டு என் அறையின் சிமென்ட் தரையிலேயே விழுந்து காட்டினாள். முகவாய் நெஞ்சோடு ஒட்டி, கை தரையை அறைந்து, 'பட்' என்று ஒரே சத்தம், அடுத்த நொடி எழுந்து நிற்கிறாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் லேசாகச் சிரித்தார், அவர் இதை வீட்டில் தினம் பார்க்கிறவர் போல.

இப்போது நான் சொல்கிற வழி. யாரும் யோசிக்காத, கேட்டால் 'பி.டி. டீச்சரா?' என்று உதட்டைப் பிதுக்குகிற உடற்கல்விப் படிப்பு.

முதல் மூன்று வருஷம் உள்ளூரிலேயே ஒரு அரசு கலைக் கல்லூரிப் பட்டம். ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்புப் பிரிவு கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே நடக்கும், 412 மார்க்கோடு அந்த ஜூடோ சான்றிதழும் அங்கே பேசும். தமிழோ வரலாறோ பொருளாதாரமோ, எது பிடிக்கிறதோ அதை எடுக்கட்டும், அதில் நான் தலையிடமாட்டேன். ஒரு வருஷக் கட்டணம் மாமா கட்டிய முன்பணத்தைவிட ரொம்பக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும், மூன்று வருஷத்துக்கு 36,000. அந்தப் பணத்தில் வீட்டுச் செலவுக்குக் கை வைக்கக் கூடாது, அது ஷூவுக்கும் முட்டைக்கும் பாலுக்கும். காலையில் மைதானம், பகலில் கல்லூரி, சாயங்காலம் ஜூடோ. திருவள்ளுவர் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போவதுதான் இந்த மூன்று வருஷத்தின் இலக்கு.

அதற்குப் பிறகு இரண்டு வருஷ பி.பி.எட்., அதாவது உடற்கல்வி ஆசிரியர் பட்டம். பட்டத்தில் 50 சதவீதமும் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடிய சான்றிதழும் கேட்பார்கள், உடல்திறன் தேர்வும் இருக்கும். எங்கே என்றால், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் 2005 முதல் இயங்குகிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். இல்லையென்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது.

அங்கே சும்மா ஓடவிட்டு விசில் ஊதக் கற்றுத் தருகிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடற்கூறியல் உண்டு, அசைவியல் உண்டு. குதித்து இறங்கும்போது முட்டி எந்தக் கோணத்தில் மடங்கினால் தசை தாங்கும், எந்தக் கோணத்தில் நார் கிழியும் என்று எலும்புக்கூட்டை வைத்துப் படிப்பார்கள். காயத்துக்கு முதலுதவி, பயிற்சியை வாரவாரியாக ஏற்றி இறக்கும் கணக்கு, விளையாட்டு உளவியல், நடுவர் வேலை, ஜிம்னாஸ்டிக்ஸ், யோகா, பள்ளியில் போய்க் கற்பித்தல் பயிற்சி. கணக்கில் 58 வாங்கியவள் அங்கே கணக்குப் போடாமல் தப்பிக்கவும் முடியாது. 400 மீட்டர் ஓடுதளத்தைச் சுண்ணாம்புப் பொடியால் போடச் சொல்வார்கள். ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர், வெளி லேனில் ஓடுகிறவள் கூடுதல் தூரம் ஓடாமல் இருக்க இரண்டாவது லேனின் தொடக்கக் கோட்டை 7.04 மீட்டர் முன்னால் தள்ள வேண்டும், அந்த எண் எப்படி வந்தது என்று வட்டச் சுற்றளவுக்கான பை (π) போட்டுக் காட்ட வேண்டும். இதைச் சொன்னபோது பொண்ணு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து ரசீதின் பின்பக்கமே போட ஆரம்பித்துவிட்டாள். வகுப்பறையில் வராத கணக்கு மைதானத்தில் வருகிறது.

படித்து முடித்தால் கையில் என்ன இருக்கும்? பெண்கள் பள்ளிகளுக்குப் பெண் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும், அது ஒன்று. பயிற்சியாளர் ஆக வேண்டும் என்றால் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஒரு வருஷ டிப்ளமோ உண்டு. இந்த இரண்டு வழியும் திறந்திருக்கும்போது 22 வயதில், சென்னையில் ஏற்கெனவே இரண்டு வருஷம் இருந்து பழகிய பெண்ணாக, வடபழனியில் சண்டைக் கலைஞர் சங்கத்துக்கு நேராகப் போய் உறுப்பினர் ஆக என்ன வேண்டும் என்று கேட்கலாம். அப்போது அவள் பசிக்காகக் கேட்கிற ஆள் இல்லை. பஞ்சு மெத்தை எங்கே, ரோப்பைச் சரிபார்த்தது யார், காப்பீடு இருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று நாலு கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்றால் அந்த ஷாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வர முடியும். அப்படிச் சொல்ல முடிகிற ஆளுக்குத்தான் அந்த வேலை. நடுவில் எவனாவது 'சங்க கார்டு வாங்கித் தர்றேன், முன்பணம் கொடு' என்றால் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது, வீட்டுக்குத் தெரியாமல் எந்த ஆடிஷனுக்கும் போகக் கூடாது. இரண்டுக்கும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் ஆகுமா என்று கடைசியில் அம்மா கேட்டே விட்டார். 1918-ல் இந்த வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது மூணு விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்றார்களாம், வந்தது 151. அந்த வீட்டு அம்மாக்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். உங்க சத்துவாச்சாரியில்தான் சதீஷ் சிவலிங்கம் எடை தூக்கிப் பழகி 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கினார், தெருவே போஸ்டர் ஒட்டியது. அதே எடைதூக்குதல் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்தது 2000-ல்தான், வந்த முதல் வருஷமே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலத்தோடு திரும்பினார். பையன் தூக்கினால் போஸ்டர், பொண்ணு தூக்கினால் கல்யாணக் கவலை என்றால் நான் என்ன சொல்ல? அப்பாதான் பதில் சொன்னார், "அது அப்புறம் பாத்துக்கலாம் விடும்மா."

மாமாவுக்கு என்மேல் வருத்தம். முன்பணம் போய்விடுமே என்றார். போகாது. கடைசித் தேதிக்கு முன்னால் இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி. கடிதத்தை அங்கேயே எழுத வைத்தேன், அப்பா கையெழுத்து, மகள் கையெழுத்து. திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வர வேண்டும். மாமாதான் போகிறார். அசல் ரசீதின் பின்பக்கம் முழுக்க ஓடுதளக் கணக்கு கிறுக்கியிருப்பதால், அதற்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.